சூடேறும் பழைய மடிக்கணினி: தூக்கிப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மடிக்கணினியைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, விசிறி இரையத் தொடங்குகிறது. விசைப்பலகையின் ஒரு மூலை கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. சூம் வகுப்பில் ஆசிரியரின் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. இன்னும் சற்று நேரத்தில் திரை கறுத்து, எல்லாமே அணைந்து போகிறது. இந்த நிலையில் திருத்துமிடத்துக்குக் கொண்டு போனால் "மதர்போர்ட் போய்விட்டது" அல்லது "புரொசெசர் பழுது, புதிதாக ஒன்றை வாங்குங்கள்" என்ற பதில் கிடைப்பது அரிதல்ல. பல வேளைகளில் அந்த இரண்டுமே காரணமாக இருப்பதில்லை. செயலி நன்றாகவே இருக்கும். அது உண்டாக்கும் வெப்பம் வெளியேறும் வழிதான் அடைபட்டிருக்கும்.

இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வதில் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. அதற்குப் பின்னர் புதிய மடிக்கணினி என்பது பல குடும்பங்களுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த இயந்திரங்களே இங்கு பலரது கைகளில் இருக்கின்றன. லெனோவோ திங்க்பேட், டெல் லற்றிடியூட், எச்.பி. எலைட்புக் போன்றவை அவை. உடல் உறுதியானவை, உதிரிப்பாகம் கிடைப்பவை. ஆனால் பத்து வருடங்களுக்கு மேலாகத் தூசு உண்டவை.

உதாரணத்துக்கு 2012 இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-3320எம் என்ற செயலியை எடுத்துக்கொள்வோம். திங்க்பேட் ரி430 இலும் டெல் லற்றிடியூட் இ6430 இலும் இது உண்டு. இதன் அடிப்படை வேகம் 2.6 கிகாஹேட்ஸ். தேவைப்படும்போது 3.3 கிகாஹேட்ஸ் வரை தானே ஏறும். இதனைக் குளிர்விக்கும் பகுதி 35 வாற்று வெப்பத்தை அகற்றக்கூடியதாக வடிவமைக்கப்பட வேண்டும் என்பது இன்டெல்லின் கணக்கு. இதன் உச்ச வெப்பநிலை எல்லை 105 பாகை செல்சியஸ். நீர் கொதிக்கும் வெப்பநிலையைத் தாண்டிய எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். விரல் நகத்தின் அளவேயான ஒரு சிலிக்கன் துண்டின் உள்ளே அளக்கப்படும் வெப்பநிலை அது.

அந்த எல்லையை நெருங்கியதும் செயலி தன்னைத்தானே காத்துக்கொள்ளும். முதலில் வேகத்தைக் குறைக்கும். அதுவும் போதாவிட்டால் இயந்திரம் மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும். முன்பு எல்லாச் செயலிகளும் இப்படி இருக்கவில்லை. 2001 இல் டொம்ஸ் ஹாட்வெயார் என்ற இணையத்தளம் ஓடிக்கொண்டிருந்த கணினிகளிலிருந்து குளிர்விப்பானைக் கழற்றிப் படம் பிடித்தது. இன்டெல் பென்ரியம் 4 வேகம் குறைந்தாலும் நிற்காமல் ஓடியது. அக்காலத்து ஏ.எம்.டி. அத்லோன்கள் சில நொடிகளில் புகைந்து கருகின. இன்று உங்கள் கையில் உள்ள இயந்திரம் எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் அப்படிக் கருகாது. எனவே "சூடாகி புரொசெசர் எரிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேளுங்கள்.

சூட்டினால் உண்மையில் பாதிக்கப்படுபவை வேறு. பற்றரி விரைவில் தளர்கிறது, சில வேளைகளில் வீங்குகிறது. விசிறியின் சுழல்தண்டு தேய்கிறது. சூடாவதும் ஆறுவதுமாக நாளுக்குப் பல தடவை விரிந்து சுருங்குவதால் பலகையிலுள்ள ஈயப் பற்றுகள் களைத்துப்போகின்றன.

முதலில் அளவுங்கள்

கையால் தொட்டுப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. விண்டோஸில் கோர் டெம்ப் என்ற சிறிய இலவச மென்பொருளே போதும். லினக்ஸில் சென்சர்ஸ் என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும். வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் செயலியின் வேகத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். இரண்டும் சேர்ந்துதான் கதையைச் சொல்லும்.

இயந்திரத்தைத் திறந்து, எதையும் இயக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். பழைய மடிக்கணினி ஒன்று நமது காலநிலையில் 45 முதல் 60 பாகைக்குள் நின்றால் குறை சொல்வதற்கில்லை. சும்மா இருக்கும்போதே 75, 80 என்று நின்றால் டாஸ்க் மனேஜரைத் திறந்து எது செயலியைத் தின்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் புதுப்பித்தலோ வைரஸ் தடுப்பானோ பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். கள்ளப் பிரதி மென்பொருளோடு வந்து ஒளிந்திருந்து, யாரோ ஒருவருக்காக நாணயம் தோண்டும் நச்சு நிரலாகவும் இருக்கலாம். அப்படியானால் திருத்த வேண்டியது மென்பொருளை. உள்ளே கை வைக்க வேண்டியதில்லை.

அடுத்து, பாரமான வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு எண் ஏறும் விதத்தைக் கவனியுங்கள். அனுபவமுள்ள திருத்துநர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். வேலை தொடங்கிய ஓரிரு நொடிகளில் 50 இலிருந்து 95 க்குப் பாய்ந்தால், செயலிக்கும் அதன் மேல் அமர்ந்திருக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையிலான தொடர்பு கெட்டிருக்கிறது. இடையிலுள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கும், அல்லது திருகாணி ஒன்று தளர்ந்திருக்கும். மாறாக ஐந்து, பத்து நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறி உச்சத்தை அடைந்தால் பசை தன் வேலையைச் செய்கிறது, காற்றுதான் வெளியேறவில்லை என்று கொள்ளலாம். அதற்குப் பெரும்பாலும் தூசுதான் காரணம். விசிறியின் சத்தமே கேட்கவில்லை என்றால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

நான்காவதாக ஒரு நிலையும் உண்டு. பலரை ஏமாற்றுவது இதுதான். வெப்பநிலை 55 பாகையில் அமைதியாக இருக்கிறது, ஆனால் வேகம் ஒரு கிகாஹேட்ஸ் அளவிலோ அதற்குக் கீழேயோ சிக்கி நிற்கிறது. இது சூட்டுப் பிரச்சினையே அல்ல. டெல் மடிக்கணினிகள் மின்னேற்றியின் நடு ஊசி வழியாக அது தமக்குரியதுதானா என்று விசாரிக்கும். பதில் கிடைக்காவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பற்றரியையும் ஏற்றாது. அந்த மெல்லிய ஊசி வளைந்திருந்தாலோ, மலிவான மாற்று மின்னேற்றியைப் பாவித்தாலோ இப்படி நேரும். பற்றரி செத்துப்போன சில இயந்திரங்களும் இவ்வாறே நடந்துகொள்கின்றன. இதற்குப் பசை மாற்றப் பணம் கொடுப்பது வீண்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். செயலியின் வெப்பநிலை அறையின் வெப்பநிலைக்கு மேல்தான் ஏறுகிறது. 25 பாகை அறையில் 88 இல் நின்ற செயலி, அதே வேலையை 34 பாகை அறையில் செய்யும்போது ஏறத்தாழ 97 இல் நிற்கும். ஐரோப்பியக் குளிரில் யாரோ எடுத்துப் போட்ட யூரியூப் காணொளியின் எண்களோடு, ஏப்ரல் மாதத்து யாழ்ப்பாணத்தில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் உங்கள் இயந்திரத்தின் எண்களை ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். ஜனவரியில் ஒழுங்காக ஓடியது ஏப்ரலில் படுத்துவிடுவதற்கும் இந்த ஒன்பது பாகையே போதும்.

தூசுப் படலம்

செயலியின் மேலுள்ள தகட்டிலிருந்து தட்டையான செம்புக் குழாய் ஒன்று இயந்திரத்தின் ஓரத்துக்குப் போகிறது. அதைத் திண்மமான செம்பு என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே மிகக் குறைந்த அமுக்கத்தில் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கிறது. சூடான முனையில் அது ஆவியாகிக் குளிர்ந்த முனைக்கு ஓடும். அங்கே ஒடுங்கி, குழாயின் உட்சுவரிலுள்ள திரி போன்ற படை வழியாகத் திரும்பி வரும். இதனால்தான் அந்தக் குழாயை நெளிக்கவோ வளைக்கவோ கூடாது. குளிர்ந்த முனையில் மெல்லிய உலோகச் சிறகுகள் வரிசையாக நிற்கின்றன. விசிறி அவற்றினூடாகக் காற்றைத் தள்ளுகிறது.

தூசு தங்குவது விசிறிக்கும் இந்தச் சிறகுகளுக்கும் நடுவில். துணித் தும்பு, தலைமுடி, சமையலறை எண்ணெய்ப் புகை எல்லாம் சேர்ந்து ஒரு கம்பளித் துண்டு போல அங்கே படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் காற்றுத் துவாரம் சுத்தமாகவே தெரியும். விசிறி முழு வேகத்தில் இரைந்தும் துவாரத்தருகே கை வைத்தால் காற்று வராவிட்டால், அந்தத் துண்டு உள்ளே இருக்கிறது.

வெளியிலிருந்து காற்றடித்தால் படலம் சற்று விலகி விசிறிப் பக்கம் விழும், சில வாரங்களில் திரும்பவும் அடைக்கும். திறந்து, கையால் எடுப்பதே முறை. லெனோவோ, டெல், எச்.பி. ஆகிய மூன்று நிறுவனங்களும் தங்கள் அலுவலக மாதிரிகளுக்கான கழற்றும் கைநூல்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. எந்தத் திருகாணி எங்கே, என்ன நீளம் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. நீளமான திருகாணியைக் குட்டையானதின் இடத்தில் முறுக்கினால் பலகையைத் துளைத்துவிடும். எனவே கழற்றும் ஒழுங்கிலேயே ஒரு தாளில் ஒட்டி வையுங்கள்.

மின்னேற்றியையும் பற்றரியையும் கழற்றி, மின் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். படலத்தைச் சாவணத்தால் உரித்து எடுங்கள். மிகுதியை ஓவியத் தூரிகையால் தட்டிவிடலாம். காற்றடிப்பதானால் விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். இல்லாவிட்டால் அது தாங்க முடியாத வேகத்தில் சுழன்று தேயும். மோட்டார் சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் மடிக்கணினியை நீட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காற்றில் நீர்த்துளிகள் கலந்து வரும், அமுக்கமும் மிக அதிகம். வேண்டாம்.

கரகரவென்று சத்தமிடும் விசிறிக்குத் தேங்காயெண்ணெய் விடுவது இங்கு பரவலாக உள்ள பழக்கம். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறையும், நாளடைவில் தூசோடு சேர்ந்து பிசினாகிவிடும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டால் சில மாதங்கள் ஓடும். நிரந்தரத் தீர்வு விசிறியை மாற்றுவதுதான். அலுவலக மாதிரிகளுக்குப் பழைய விசிறிகள் கிடைப்பது கடினமல்ல.

பசை

காற்றின் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீற்றர் கெல்வினுக்கு 0.026 வாற்று. செம்பினது 400 அளவில். நல்ல வெப்பப் பசையினது ஏறத்தாழ 4 முதல் 12 வரை. செம்போடு ஒப்பிட்டால் பசை மிக மோசமான கடத்தி. காற்றோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கு மேல் சிறந்தது. எனவே அதன் வேலை இரு பரப்புகளுக்கிடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே. அதிகம் பூசினால் அதிகம் குளிரும் என்ற எண்ணம் தலைகீழானது. மடிக்கணினிச் செயலிக்கு ஓர் உழுந்தின் பருமன் போதும். நடுவில் வைத்து, தகட்டை நேராக இறக்கினால் அது தானே பரவும்.

பழைய பசையை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்தெடுக்க வேண்டும். 90 சதவீதத்துக்கு மேற்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய கை சுத்திகரிப்புத் திரவத்தைப் பாவிக்க வேண்டாம். தோல் காயாமலிருக்க அதில் கிளிசரின் சேர்ப்பார்கள், அது பரப்பில் படிந்துவிடும். திருகாணிகளின் அருகே 1, 2, 3, 4 என்று இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஒழுங்கில், ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தகடு சரிந்து, சிலிக்கனின் விளிம்பு உடையக்கூடும்.

பற்பசையும் வேலை செய்யும் என்று ஒரு கதை உலாவுகிறது. ஈரம் இருக்கும் வரை செய்யும், பிறகு காய்ந்து வெடிக்கும். திரவ உலோகம் என்று விற்கப்படும் பசையும் பழைய மடிக்கணினிக்கு உகந்ததல்ல. அதிலுள்ள கலியம் அலுமினியத்தை அரிக்கும். மின்சாரத்தையும் கடத்துவதால் ஒரு துளி சிந்தினாலும் பலகை போய்விடும். அருகிலுள்ள சிறு பாகங்களின் மேல் மெத்தென்ற இறப்பர் துண்டுகள் இருந்தால் அவற்றைப் பத்திரமாக அதே இடத்தில் வையுங்கள். அவற்றின் தடிப்பு கணக்கிட்டு அமைக்கப்பட்டது, பசையால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

வெப்பத்தை உண்டாக்காமலே விடுவது

தூசும் பசையும் முடிந்த பின்னும் சூடு குறையவில்லையா? அல்லது திறப்பதற்கே தைரியமில்லையா? அப்போது செயலி செலவிடும் வலுவைக் குறைக்கலாம். வலு மீடிறனுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. மின்னழுத்தம் பத்திலொரு பங்கு குறைந்தால் அதனால் மட்டுமே வலு 19 சதவீதம் குறையும். வேகம் இறங்கும்போது மின்னழுத்தமும் சேர்ந்தே இறங்குவதால், உச்ச வேகத்தில் சிறிதளவை விட்டுக்கொடுத்தாலே வெப்பம் கணிசமாகக் குறைகிறது.

விண்டோஸில் இதற்கு எளிய வழி உண்டு. கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, மேம்பட்ட அமைப்புகளில் புரொசெசர் பவர் மனேஜ்மென்ட் என்பதன் கீழ் மக்சிமம் புரொசெசர் ஸ்டேட் என்பதை 100 இலிருந்து 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 100 க்குக் கீழே வந்ததும் தானாக வேகம் ஏறும் டர்போ வசதி நின்றுவிடுகிறது. நமது ஐ5-3320எம் அதன் பின் 3.3 க்கு ஏறாமல் 2.6 அளவிலேயே நிற்கும். சொல் எழுதவும் வகுப்பில் இருக்கவும் அது தாராளம். சூடேறித் தானே வேகம் குறைந்து, ஆறி, மறுபடி ஏறித் திக்குவதைவிட, குறைந்த வேகத்தில் சீராக ஓடுவது பாவிப்பவருக்கு விரைவாகவே தோன்றும்.

மின்னழுத்தத்தை மட்டும் தனியே குறைக்கும் திரொட்டில்ஸ்டொப் போன்ற மென்பொருட்களும் உண்டு. ஆனால் இன்டெல்லின் நான்காம் தலைமுறைக்கு முந்திய மடிக்கணினிச் செயலிகளில் இது பலிக்காது. பிந்தியவற்றிலும், 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாட்டின் பின்னர், பல தயாரிப்பாளர்கள் பயோஸ் புதுப்பிப்பு மூலம் இந்த வழியைப் பூட்டிவிட்டார்கள்.

யூரியூப் பார்க்கும்போது மட்டும் கொதிக்கிறது, அதே பாடத்தைத் தரவிறக்கி எம்.பி.4 கோப்பாகப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்கிறது என்று சிலர் வியப்பதுண்டு. காரணம் காணொளியைச் சுருக்கும் முறை. யூரியூப் பெரும்பாலும் வி.பி.9 அல்லது ஏ.வி.1 என்ற முறைகளில் காணொளியை அனுப்புகிறது. 2012 ஆம் ஆண்டுச் செயலியிலுள்ள வரைகலைப் பகுதிக்கு எச்.264 போன்ற பழைய முறைகளை மட்டும்தான் தானே விரிக்கத் தெரியும். இன்டெல்லில் வி.பி.9 ஐ முழுமையாக வன்பொருளிலேயே விரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏ.வி.1 பதினோராம் தலைமுறையில். அதற்கு முந்திய இயந்திரங்களில் அந்த வேலை முழுவதும் செயலியின் தலையில் விழுகிறது. எச்264ஃபை என்ற சிறிய உலாவி நீட்சியை நிறுவினால் யூரியூப் எச்.264 இலேயே அனுப்பும். இலவசம், ஒரு நிமிட வேலை. காணொளிப் பாடங்களை நம்பியிருக்கும் உயர்தர மாணவர் வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தால் இதை முதலில் செய்வேன். பசையெல்லாம் பிறகு.

செய்யக் கூடாதவை

கட்டிலிலோ தலையணையிலோ வைத்துப் பாவிப்பது அடித்துவாரத்தை அடைக்கும். பின்பக்கம் இரண்டு போத்தல் மூடிகளை வைத்து உயர்த்தினாலே காற்று உள்ளே போக இடம் கிடைத்துவிடும். கடையில் விற்கும் குளிர்விக்கும் தட்டு சில பாகைகளைக் குறைக்கும், உள்ளே இருக்கும் தூசை எடுக்காது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பதும் ஈரத்துணி போர்த்துவதும் ஆபத்து. நமது ஈரப்பதனில் குளிர்ந்த பலகையின் மேல் உடனே பனித்துளி படியும்.

சூடு காரணமாகத் திரை வராமல் போன இயந்திரத்தின் வரைகலைச் சில்லைச் சூடான காற்றால் உருக்கி உயிர்ப்பித்துத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். வரும், பல வேளைகளில் சில வாரங்களில் மறுபடி போகும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கான தன் சில்லுகளில் இருந்த பொருட்குறையால் ஏற்படும் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அந்தச் சில்லுகளில் பலவும் இப்படித்தான் சூடாகியும் ஆறியும் களைத்துப் போனவை. உள்ளே உடைந்த பற்றை மேலிருந்து சூடாக்கி நிரந்தரமாக ஒட்ட முடியாது. இதற்குப் பெருந்தொகை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

தொடுபலகை மேலெழுந்திருந்தாலோ, அடிமூடி பிதுங்கியிருந்தாலோ பற்றரி வீங்கியிருக்கிறது. அன்றோடு பாவனையை நிறுத்துங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது. பற்றரியைக் கழற்றிய பின் மின்னேற்றியில் மட்டும் இயங்கும் இயந்திரங்கள் பல உண்டு. கடற்கரையை அண்டிய வீடுகளில் பலகையில் பச்சையாக உப்பு பூத்திருந்தாலும் அது தேர்ந்த கைக்குரிய வேலை.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிந்தது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளில் மிகப் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. மேலே சொன்ன ஐ5-3320எம் மூன்றாம் தலைமுறை. பசை மாற்றி உயிர்ப்பித்த இயந்திரத்தில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை நிறுவினால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடர்ந்து கிடைக்கும். பின்னணியில் ஓடும் வேலைகளும் குறைவதால் சும்மா இருக்கும்போதுள்ள சூடும் சற்று இறங்கலாம்.

திருத்துமிடத்தில் கொடுப்பதானால், கொடுக்கும் முன் வீட்டிலேயே இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: சும்மா இருக்கும்போது எத்தனை பாகை, பத்து நிமிடப் பாரமான வேலையின் பின் எத்தனை பாகை. திரும்பப் பெறும்போது அங்கேயே கோர் டெம்பைத் திறந்து அதே சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பசை மாற்றியது உண்மையானால் இரண்டாவது எண் தெளிவாக இறங்கியிருக்கும். அந்த எண்ணையும் திகதியையும் சிறு தாளில் எழுதி மடிக்கணினியின் அடியில், காற்றுத் துவாரத்தை மறைக்காமல் ஒட்டிவிட்டால், அடுத்த ஏப்ரலில் விசிறி மறுபடி இரையும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.